பதினோரு அடி

பத்திரத்தில் 'நகரும் வீடு' என்றிருக்கிறது.
இருபத்திரண்டு வருடத்தில் அது நகர்ந்தது ஒரே ஒருமுறை:
அக்டோபரில், ஒரு புதன்கிழமை, விடியுமுன்,
பதினோரு அடி, வடகிழக்காக.
பார்க்க நான் இல்லை.
பள்ளிக்கூட ஜிம்மில், மடக்குக் கட்டிலில்,
ஃப்ளோரிடா முழுக்க ஒரே சத்தமாகக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

ஒன்பதாம் நாள் அவர்கள் வந்தார்கள்.
ஒஹையோவிலிருந்து இரண்டு வேன்களில், பதினேழு பேர்.
பெண்கள் தலையில் வெள்ளை வலைத்தொப்பி,
ஆண்களுக்கு மீசையில்லாத தாடி.
'பைபிள் கொடுக்க வந்திருக்கிறார்கள்,
கதவைச் சாத்திக்கொள் ரோண்டா'
என்று கத்தினான் எதிர்வரிசை டெல்பர்ட்.
சாத்த எனக்குக் கதவு எங்கே இருந்தது.

லோரன் யுட்ஸி, மாட்டுப்பண்ணைக்காரராம்.
படி இருந்த இடத்தில் நின்று தொப்பியைக் கழற்றினார்.
'முதலில் ஒரு சின்ன ஜெபம்...'
'முதலில் கூரை' என்றேன்.
கொஞ்சம் யோசித்தார்.
'அதுவும் சரிதான்'
என்று ஏணியை எடுத்துவரப் போனார்.

ஊறிப்போன சுவர் ரொட்டிபோலப் பிய்ந்து வந்தது.
தரைக்கு அடியில் இளஞ்சிவப்புப் பஞ்சு
குடல் சரிந்து தொங்கியது.
ஃப்ரீசரை மட்டும் திறக்காதீர்கள் என்றிருந்தேன்.
திறந்துவிட்டாள் ஒருத்தி. ஓர்ஃபா, பத்தொன்பது வயது.
உள்ளே முப்பது பவுண்டு இறால், மின்சாரம் போய் ஒன்பது நாள்.
வேலியோரம் ஓடி வாந்தியெடுத்தாள்,
முழங்கையால் வாயைத் துடைத்தாள்,
திரும்ப உள்ளே போனாள்.
சாயங்காலம், என்னிடமிருந்த ஒரே குளிர்ந்த கோக்
அவளுக்குத்தான்.

ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டி ஒரு பையன் கேட்பான்:
'இது?'
'குப்பை.'
'இது?'
'குப்பை.'
'இது?'
என் மகனின் இடதுகால் ஸ்கேட்.
நான் பதில் சொல்லவில்லை.
அவன் அதை வேலிக்கம்பத்தின் மேல் வைத்தான்,
வெயில் படும் பக்கமாக.

பன்னிரண்டாம் நாள் மஞ்சள் காகிதம் வந்தது.
அவர்கள் மாட்டிய புதுக்கதவுகளில்,
பெயின்ட்கூடக் காயவில்லை, டேப் போட்டு ஒட்டியிருந்தது.
பார்க் கைமாறுகிறது. மனையை அறுபது நாளில் காலி செய்க.
வீடு என்னுடையது. அதன் கீழே இருக்கும் மண்
என்றைக்குமே என்னுடையதாக இல்லை.
லோரன் இரண்டுதரம் படித்தார்.
கையில் சுத்தியல் இருந்தது,
அடிப்பதற்கு அந்தக் காகிதத்தில் ஆணி எதுவும் இல்லை.
வசனம் வரும் என்று காத்திருந்தேன், வந்தால் திட்டலாமென்று.
'எங்கள் ஊரில் ஒரு வக்கீலைத் தெரியும்' என்றார்,
'ஆனால் அவர் மாட்டு வழக்குதான் பார்ப்பார்.'
நான் சிரித்துவிட்டேன்.
புயலுக்குப் பிறகு முதல்தடவை.

அதற்கப்புறமும் ஓர்ஃபா ஜன்னல் சட்டத்துக்கு
இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள்.
எதற்கு பெண்ணே என்றேன்.
'ஒரு பூச்சில் மரம் தெரிகிறதே.'

கடைசி நாள், வீட்டுக்கு அடியிலிருந்து
இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.
ஸ்கேட்டை வெயிலில் வைத்த அதே பையன், கேலன்.
துருவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.
'அங்கே என்ன?'
'அச்சுக்கு கிரீஸ் போடுகிறேன்.'
'யார் போடச் சொன்னது?'
'யாரும் சொல்லவில்லை.'
நாலு டயர் தேற்றியிருந்தான்.
மூன்று ஒரே மாதிரி, நாலாவது
டெல்பர்ட்டின் நசுங்கிய படகு வண்டியிலிருந்து.

வேனுக்குள் சாமான் ஏறியது.
லோரன் கைகொடுத்தார், தொப்பி தலையிலேயே இருந்தது.
அவர் எதுவும் கேட்கவில்லை.
நான்தான் சொல்ல வேண்டியிருந்தது:
'கூரைதான் முடிந்துவிட்டதே.'

தொப்பியைக் கழற்றினார்.
பதினேழு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.
அவர் சொன்னதில் பாதி காதில் விழவில்லை,
டெல்பர்ட்டின் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.
நான் கண்ணை மூடவில்லை.
கேலனின் நகக்கண்ணில் இன்னும் கருப்பு.
தரைக்கு அடியிலிருந்து, புதுப் பலகை வாசனையையும் மீறி,
கிரீஸ் வாசம் மேலே ஏறிவந்தது.